இருபத்தெட்டாவது வீடு

போன மாதம் அன்பியப் பணிக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பதினைந்து பேர் முன்னால் பேச என்னை அழைத்திருந்தார்கள். அன்பியம் என்பது ஒரு பங்கைச் சேர்ந்த, அதாவது ஒரே கத்தோலிக்கக் கோவிலுக்கு உட்பட்ட, இருபது முப்பது குடும்பங்களின் சிறு குழு. வாரம் ஒருநாள் ஒரு வீட்டில் கூடி, வேதம் வாசித்து, ஜெபிப்பார்கள். அடுத்த வாரம் அடுத்த வீடு. இப்படிப்பட்ட குழுக்களை நடத்தும் வேதியராக நான் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது.

இப்போதெல்லாம் எந்த வாரம் எந்த வீடு என்பதை செல்போனே போட்டுவிடுகிறதாம். வீட்டுப் பெயர்களைக் கொடுத்துவிட்டால் ஒருவரையும் விடாமல் அது வரிசைப்படுத்தும் என்று ஒரு பெண் எனக்குக் காட்டினார்.

"நீங்க கையால எழுதுனப்ப யாராச்சும் விட்டுப்போயிருக்காங்களா டீச்சர்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"விட்டுப்போயிருக்காங்க" என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. நல்ல அனுபவங்களாக இரண்டைச் சொல்லிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, ஸ்ரீரங்கம் பஸ் பிடித்து மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பங்கு காந்தி மார்க்கெட்டுக்குக் கிழக்கே, அரியமங்கலம் போகும் வழியில் இருக்கிறது. பெயர் வேண்டாம். நான் வேலை பார்த்த சிறு பள்ளிக்கூடத்தை மூடியபோது, அப்போதைய பங்குத்தந்தை என்னை வேதியர் பயிற்சிக்கு அனுப்பினார். ஒன்பது மாதம். நிறையப் பாடம், நிறையத் தேர்வு. திரும்பி வந்தபோது என்னிடம் எல்லாக் கேள்விக்கும் பதில் இருந்தது. பள்ளிக்கூடம் இல்லாமல் போனாலும் "டீச்சர்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

வேலை இதுதான். எனக்கு ஆறு அன்பியங்கள். மாலை ஏழு மணிக்குக் கூட்டம். வீட்டுக்காரர்கள் ஒரு முக்காலியில் வெள்ளைத் துணி விரித்து, வேதப் புத்தகத்தையும் மெழுகுவத்தியையும் வைத்திருப்பார்கள். ஒருவர் ஆண்டவரை வரவேற்று ஜெபிப்பார். ஒருவர் பகுதியை வாசிப்பார். பிறகு ஒவ்வொருவரும் தன் மனதைத் தொட்ட ஒரு சொல்லை மட்டும் மூன்று முறை சொல்ல வேண்டும். விளக்கம் கூடாது. பிறகு மௌனம். அதற்குப் பிறகுதான் பகிர்வு. கடைசியில், இந்த வாரம் நாம் என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு காரியத்தை முடிவு செய்வோம்: யாரையாவது ஆஸ்பத்திரியில் பார்ப்பது, பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பியைப் பேச வைப்பது, இப்படி. ஜெபித்து முடித்ததும் டீயும் சுண்டலும். எந்த வீடு, எத்தனை பேர், என்ன காரியம் என்று நான் ஒரு நோட்டில் எழுதுவேன். அடுத்த மூன்று மாதத்துக்கு எந்தெந்த வாரம் எந்த வீடு என்று அட்டவணை போடுவதும் நான்தான்.

வேலையில் சேர்ந்து பத்து வருடம் கழித்து வந்தவர் ஃபாதர் அமல்ராஜ். ஒல்லியானவர், அதிகம் பேசமாட்டார். பங்குத்தந்தைகள் அன்பியத்துக்கு வந்தால் முன்னால் நாற்காலி போட்டு மாலை போடுவது வழக்கம். இவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசியில் பாயில் உட்கார்ந்துவிடுவார். பத்தொன்பது பேர் தங்கள் சொல்லைச் சொன்ன பிறகு இருபதாவது ஆளாகத் தன்னுடையதைச் சொல்வார்.

அவர் வந்த புதிதில் ஒரு கூட்டத்தில் ஞானம்மாள் "படகு, படகு, படகு" என்றார். மார்க்கெட்டில் கீரை விற்பவர் அவர். எழுதப் படிக்கத் தெரியாது. பகிர்வு நேரத்தில் எதுவும் பேசாமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சொல்ல வரவில்லை என்று நினைத்து நான் உதவிக்குப் போனேன். படகு என்பது திருச்சபை, அலை என்பது உலகம் என்று ஐந்து நிமிடம் அழகாக விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

மறுநாள் ஃபாதர் நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார். "ஞானம்மாளோட அப்பா கொள்ளிடத்துல படகு ஓட்டினவரு. வெள்ளத்துல போனவரு திரும்பலையாம். நேத்து சொல்ல வாயெடுத்தாங்க."

"தெரியாது ஃபாதர்."

"ஆமா, தெரியாது." மூடிய நோட்டை என்னிடம் தந்தார். "நீங்க நல்லாத்தான் பேசுனீங்க டீச்சர். அவங்க வாய மூடிட்டாங்க."

திட்டவில்லை. அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. நடந்ததைச் சொல்வார், நிறுத்திவிடுவார், மீதியை நாம்தான் யோசிக்க வேண்டும். திட்டு வாங்குவது இதைவிடச் சுலபம்.

அதற்கு ஒரு வருடம் கழித்து ஒரு காலையில் அவர் என் பழைய நோட்டுகளை எல்லாம் மேசைமேல் பரப்பி வைத்திருந்தார். கையில் பென்சில்.

"இந்த அன்பியத்துல இருபத்தெட்டு வீடு. இருபத்தெட்டாவது வீட்டுக்கு எப்பப் போனோம் டீச்சர்?"

இருபத்தெட்டாவது வீடு சவரிமுத்துவுடையது. தெருக்கோடியில், வாய்க்காலை ஒட்டிய வீடு. அவர் எங்கள் பங்குக் கல்லறையில் குழி வெட்டுபவர். மனைவி பாக்கியம், துவாக்குடியில் ஒரு மாணவர் விடுதியில் துப்புரவு வேலைக்கு தினமும் பஸ்ஸில் போய்வருபவர். எங்கள் பங்கில் எல்லோருக்கும் புனிதர்களின் பெயர் இருந்தது. அதோடு இன்னொரு பெயரும் இருந்தது; அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் யாருக்கு எது என்று எல்லோருக்கும் தெரியும். நான் வேலைக்கு வந்தபோது எனக்கு முன்னாலிருந்தவர் தந்த அட்டவணையில் இருபத்தேழு வீடுகள்தான் இருந்தன. நானும் அப்படியே எழுதினேன். சவரிமுத்துவும் பாக்கியமும் மற்ற வீடுகளில் நடக்கும் கூட்டங்களுக்கு வருவார்கள். வாசலோரம் உட்காருவார்கள். டீ கொடுக்கும் நேரத்துக்கு முன்பே எழுந்து போய்விடுவார்கள்.

"அவங்க வீடு சின்னது ஃபாதர். இடம் பத்தாது."

"நான் போன வாரம் போயிருந்தேன். பதினஞ்சு பேர் உக்காரலாம்." கொஞ்சம் பொறுத்து, "அவங்ககிட்ட கேட்டுப் பாத்தீங்களா?" என்றார்.

"கேக்கல ஃபாதர்."

"சரி" என்று பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

இரண்டு வாரம் அவருடைய உத்தரவுக்காகக் காத்திருந்தேன். அவர் சொல்லிவிட்டார் என்று மற்றவர்களிடம் சொல்லலாம் பாருங்கள். உத்தரவு வரவில்லை. மூன்றாவது வாரம் நானே போனேன். பாக்கியம் வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தார்.

"பாக்கியம், அடுத்த புதன்கிழமை கூட்டத்த உங்க வீட்ல வெச்சுக்கலாமா?"

பிழிந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "எங்க வீட்லயா?"

"ஆமா. உங்க வீட்லதான்."

"எல்லாரும் வருவாங்களா டீச்சர்?"

"வருவாங்க" என்றேன்.

என் வேலைக் காலத்தில் நான் சொன்ன பொய்களில் நினைவில் நிற்பது இது ஒன்றுதான். வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால், அந்த நேரத்தில் அந்த முகத்தைப் பார்த்து வேறு எதையும் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

அந்த வாரக் கூட்டம் மார்சலின் சார் வீட்டில். அரசு அலுவலகத்தில் பெரிய பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். பங்கில் யாருக்கு ரத்தம் வேண்டுமென்றாலும் முதலில் அவருக்குத்தான் போன் போகும். எந்நேரமானாலும் ஏற்பாடு செய்துவிடுவார். அதையும் சொல்லியாக வேண்டும். கூட்ட முடிவில் நான் அறிவித்தேன். "அடுத்த வாரம் சவரிமுத்து வீடு."

சவரிமுத்துவும் பாக்கியமும் வழக்கம்போல எழுந்து போயிருந்தார்கள். மார்சலின் சார்தான் பேசினார்.

"அவங்களுக்கு எதுக்கு டீச்சர் சிரமம்? இங்கயே வெச்சுக்கலாம். அவங்க வரட்டுமே, யாரு வேணாங்கறா?"

"சிரமமில்ல சார். கேட்டுட்டேன்."

"நீங்க கேட்டீங்களா, ஃபாதர் கேக்கச் சொன்னாரா?"

"நான்தான் சார்."

அவர் சுண்டல் தட்டை மற்றவர்கள் பக்கம் நகர்த்தினார். "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்றார்.

புதன்கிழமை நான் ஆறே முக்காலுக்குப் போனேன். முன்சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். பாக்கியம் அரைநாள் லீவு போட்டிருந்தார். பக்கத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஜமால் பாய் வீட்டிலிருந்து பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கிப் போட்டிருந்தார்கள். முக்காலி, வெள்ளைத் துணி, மெழுகுவத்தி எல்லாம் சரியாக இருந்தன. இத்தனை வருடம் வாசலோரம் உட்கார்ந்து பார்த்ததை ஒன்று விடாமல் செய்திருந்தார்கள். அடுப்படியில் ஒரு பெரிய பாத்திரம் நிறையக் கேசரி.

ஏழு மணிக்கு ஞானம்மாள் வந்தார். அவருடைய மருமகளும் வந்தார். சவரிமுத்து வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஏழே காலுக்கு, "பஸ்ஸு லேட்டா இருக்கும்" என்றார். வரவேண்டியவர்கள் எல்லோருமே அதே தெருவில் குடியிருப்பவர்கள். ஏழரைக்கு வாசலுக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

ஐந்து பேரோடு கூட்டத்தைத் தொடங்கினோம். ஃபாதர் அன்று வேறொரு அன்பியத்தில் இருந்தார். எந்தப் பகுதியை வாசித்தோம் என்பது நினைவில்லை. பாக்கியம் என்ன சொல் சொன்னார் என்பதும் நினைவில்லை. காலி நாற்காலிகளைப் பார்க்காமலிருக்க மெழுகுவத்தியையே பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

முடிந்ததும் பாக்கியம் எனக்குக் கேசரியும் டீயும் கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்டேன். அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினோரு வருஷமா எங்க வீட்டுக்கு வர்றீங்க டீச்சர். இன்னைக்குத்தான் உள்ள வந்திருக்கீங்க."

நான் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"எல்லாரும் வருவாங்கன்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

"வரமாட்டாங்கன்னு தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

"ஆமா" என்றேன்.

அவர் தலையை மட்டும் அசைத்தார். சவரிமுத்து உள்ளேயிருந்து, "மிச்சக் கேசரிய பாய் வீட்டுக்குக் குடுத்துரு. சேர் குடுத்தாங்கல்ல" என்றார். குரலில் எதுவும் இல்லை. எங்கள் தெருவில் பாதி வீடுகளின் பெரியவர்களுக்கு அவர்தான் குழி வெட்டியிருந்தார். அந்த வீடுகளிலிருந்து ஒருவரும் வரவில்லை.

மறுநாள் ஃபாதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிறு பிரசங்கத்தில் அவர் இதை விடமாட்டார் என்று நம்பினேன். உள்ளுக்குள் அதை எதிர்பார்த்துக்கொண்டும் இருந்தேன்.

"பிரசங்கத்துல சொல்லலாம்" என்றார். "கோவப்படுவாங்க. என்மேல கோவப்பட்டுட்டு இத மறந்துருவாங்க. நீங்க என்ன செய்யப் போறீங்க?"

அதுதான் அவர் கேட்டது. நான் வீட்டுக்கு வந்து ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பிறகு இருபத்தேழு வீட்டுக்கும் போனேன், ஒவ்வொன்றாக. ஒரு நாளைக்கு நான்கு வீடு. யாரையும் ஏன் வரவில்லை என்று கேட்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். எல்லா வீட்டிலும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னேன். "பதினோரு வருஷமா அந்த வீட்ட அட்டவணையில சேக்காம விட்டது நான்தான். தப்பு பண்ணிட்டேன். இனிமே சேத்துத்தான் போடுவேன். சொல்லிட்டுப் போக வந்தேன்."

சிலர் காபி கொடுத்துப் பேச்சை மாற்றினார்கள். ஒரு வீட்டில், எனக்கு உடம்புக்கு ஏதும் ஆகிவிட்டதா என்று கேட்டார்கள். இரண்டு வீடுகளில் பெண்கள் மட்டும் வாசல்வரை கூடவே வந்து, "எங்களுக்கும் மனசு ஒப்பல டீச்சர்" என்று மெதுவாகச் சொன்னார்கள். மார்சலின் சார் வீட்டைக் கடைசியில் வைத்துக்கொண்டேன்.

"நான் என்னைக்காச்சும் அவங்கள ஒரு வார்த்தை தப்பாப் பேசியிருக்கேனா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"சவரிமுத்து பொண்ணு பிரசவத்துக்கு ரத்தம் ஏற்பாடு பண்ணினது யாரு?"

"நீங்கதான் சார்."

"அப்புறம் என்ன?"

"அவங்க வீட்ல ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்கீங்களா சார்?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். "நீங்க?"

"அந்தப் புதன்கிழமைதான் சார். முதல் தடவை."

"நல்லது" என்று எழுந்துகொண்டார். அந்த மாதமே வேறொரு அன்பியத்துக்கு மாறிக்கொண்டார்.

எல்லாம் முடிந்த பிறகு பாக்கியத்திடம் போய் மன்னிப்புக் கேட்டேன். முதலில் அங்கேதான் போயிருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

"மன்னிச்சிட்டேன்னு சொன்னா உங்களுக்கு மனசு லேசாயிரும் டீச்சர்" என்றார். "எனக்கு? நாங்க கொஞ்ச நாள் வரல. பூசைக்கு வருவோம். கூட்டத்துக்கு வரல."

ஒரு வருடத்துக்கு மேல் அவர்கள் வரவில்லை. அட்டவணையில் அவர்கள் முறை வரும்போதெல்லாம் போய்க் கேட்டேன். "இப்ப வேணாம்" என்பார். திரும்பிவிடுவேன். நோட்டில் அந்த வாரம் கூட்டம் இல்லை என்று எழுதுவேன். என் வேலையில் அதுபோல ஒன்றும் நகராத காலம் வேறெதுவும் இல்லை.

பிறகு ஒரு நாள் பாக்கியமே கோவிலுக்கு வந்து என்னைப் பார்த்தார்.

"இந்தத் தடவை எங்க வீட்ல வெச்சுக்கலாம் டீச்சர். ஆனா நானே நடத்துறேன். நீங்க மத்தவங்களோட உக்காருங்க."

"உங்களால முடியுமா?" என்று கேட்டுவிட்டேன். வாய்தவறி வந்தது.

"வாரா வாரம் நடத்திட்டுத்தான இருக்கோம்" என்றார்.

அதற்குப் பிறகுதான் விவரம் தெரிந்தது. அந்தப் புதன்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை, ஞானம்மாள் மார்க்கெட் முடிந்து விற்காத இரண்டு கட்டுக் கீரையோடு அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார். "எனக்குப் படிக்கத் தெரியாது. அடுத்த பகுதிய வாசிச்சுக் காட்டு" என்று உட்கார்ந்திருக்கிறார். அன்றிலிருந்து எல்லாச் சனிக்கிழமையும். பாக்கியம் வாசிப்பாராம். ஆளுக்கொரு சொல் சொல்வார்களாம். பிறகு மௌனமாக இருப்பார்களாம். அந்த வாரம் செய்ய ஒரு காரியத்தை முடிவு செய்வார்களாம். கொள்ளிடத்தில் போன தன் அப்பாவைப் பற்றி ஞானம்மாள் அந்த வீட்டில்தான் முதன்முதலாகச் சொல்லி முடித்திருக்கிறார். நான் "கூட்டம் இல்லை" என்று எழுதிய வாரங்களிலும் அங்கே கூட்டம் நடந்திருக்கிறது. அன்பியம் எப்படி இருக்க வேண்டும் என்று என் பயிற்சியில் படித்தேனோ, அப்படி நடந்த அன்பியம் என் அனுபவத்தில் அது ஒன்றுதான். அதில் நான் இல்லை.

ஃபாதரிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் சிரித்தார். அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "நோட்டுல எழுதாதீங்க டீச்சர்" என்றார். "அது அவங்களோடது."

இரண்டாவது முறை அந்த வீட்டுக்குப் பதினான்கு பேர் வந்தார்கள். பாக்கியம் நன்றாக நடத்தினார் என்று சொல்வது போதாது. யாராவது பேசத் தடுமாறினால் அவசரப்படமாட்டார். காத்திருப்பார். துவாக்குடி பஸ்ஸுக்குக் காத்திருந்த பழக்கம் என்று வேடிக்கையாகச் சொல்வார். நான்கு வருடத்தில் அவரே அந்த அன்பியத்தின் பொறுப்பாளர் ஆனார். ஃபாதர் அமல்ராஜ் மாறுதலாகிப் போய், அவருக்குப் பின் வந்தவர் பாக்கியத்தை நற்கருணைப் பணியாளராக நியமித்தார். கோவிலுக்கு வரமுடியாத நோயாளிகளுக்கு ஞாயிறுதோறும் வீட்டுக்கே நற்கருணையை, அதாவது பூசையில் தரும் அப்பத்தை, கொண்டுபோய்க் கொடுக்கும் பணி அது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு அந்த நோயாளிகள் பட்டியலில் மார்சலின் சார் பெயர் சேர்ந்தது. பக்கவாதம். அவருடைய மகள்தான் கோவிலில் வந்து பதிந்திருந்தார். பட்டியலை எடுத்துக்கொண்டு பாக்கியம் என்னிடம் வந்தார்.

"டீச்சர், என் கையால வாங்குவாரா?"

"தெரியல பாக்கியம்" என்றேன். "நானும் கூட வரேன்."

கட்டிலில் தலையணைகளை அடுக்கி அவரைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் கை அசையவில்லை. பேச்சு இருந்தது, மெதுவாக. மகள் பக்கத்தில் சின்ன மேசையில் வெள்ளைத் துணி விரித்து மெழுகுவத்தி ஏற்றியிருந்தார். பாக்கியம் ஜெபத்தைச் சொன்னார். நற்கருணையை உயர்த்திப் பிடித்து, "கிறிஸ்துவின் திருவுடல்" என்றார்.

மார்சலின் சார் அப்பத்தைப் பார்க்கவில்லை. பாக்கியத்தின் முகத்தைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. மகள் குனிந்து, "அப்பா" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. பாக்கியமும் கையை இறக்காமல் காத்திருந்தார்.

"ஆமென்" என்று சொல்லி வாயைத் திறந்தார்.

பாக்கியம் மெழுகுவத்தியை அணைத்து, துணியை மடித்து, எழுந்தார். அப்போது மார்சலின் சார் பேசினார். ஒவ்வொரு சொல்லையும் தேடித் தேடிச் சொன்னார்.

"பாக்கியம்... காபி சாப்பிட்டுப் போங்க."

அவர் பாக்கியத்தைப் பார்த்து "ங்க" போட்டுப் பேசி, இருபத்திரண்டு வருடத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. மகளும் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னும் மூணு வீடு இருக்கு சார். காத்துக்கிட்டிருப்பாங்க" என்றார் பாக்கியம். "அடுத்த ஞாயித்துக்கிழமை சாப்பிடுறேன்."

அடுத்த ஞாயிறு நான் கூடப் போகவில்லை. மறுநாள் திங்கட்கிழமை மார்சலின் சாரின் மகள் கோவிலில் என்னைப் பார்த்தார். தங்கள் வீட்டை அன்றைய கடைசி வீடாக வைத்துக்கொண்டு பாக்கியம் வந்ததாகவும், அப்பாவுக்கு காபியை ஸ்பூனால் ஊட்டிவிட்டு, பிறகு தானும் ஒரு தம்ளர் குடித்துவிட்டுப் போனதாகவும் சொன்னார்.